அமுதசுரபியில் முதல் பிடி யாருடையது?

பசி பற்றிப் பேசும் மேடை எதுவானாலும் மணிமேகலை வந்துவிடுவாள். சத்துணவுத் திட்டத்தைப் பாராட்டவும் அமுதசுரபிதான் உவமை. உவமையில் பிழையில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் ஒரு பெண்ணின் கைக்கு வரும் இடத்தில் காப்பியம் நிபந்தனை ஒன்றைச் சேர்க்கிறது. அதை நாம் நிபந்தனையாகவே வாசிப்பதில்லை. கற்பின் பெருமை என்று குறிப்பெழுதிக் கடந்துவிடுகிறோம்.

பாத்திரம் முதலில் ஆபுத்திரனுடையது. பெற்றவள் விட்டுச் சென்ற பிள்ளை. பசு பாலூட்டிக் காத்தது, அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காகவும், பிறப்பு இழிந்தது என்பதற்காகவும் ஊர் அவனைத் துரத்தியது. பிச்சைக்குப் போன வீடுகளில் அவன் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் முன்றிலில் தங்கி, இரந்து பெற்றதைப் பார்வையற்றோருக்கும் கேளாதோருக்கும் நடக்க இயலாதோருக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்டான். ஒரு மழை இரவில் வழிநடந்து வந்தவர்கள் பசி என்றார்கள். அவனிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் தேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். நாடு வறண்டாலும் இது வறளாது என்கிறாள். முதல் பிடியை இன்னார்தான் இட வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அதே பாத்திரம் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையிடம் வருகிறது. புகார்த் தெருவில் இறங்கியதும் கேள்வி எழுகிறது: முதல் பிச்சையை எங்கே ஏற்பது? பத்தினிப் பெண் இட்டால்தான் சிறப்பு. அதனால் ஆதிரை வீடு. ஆதிரைக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது? கணவன் சாதுவன் ஒரு கணிகையிடம் போய்ப் பொருளை எல்லாம் தொலைத்தான், பிறகு கப்பலேறினான். அவன் செத்தான் என்று செய்தி வரவும் இவள் தீக்குழியில் இறங்கினாள். தீ சுடவில்லை. சோறிடும் கைக்கு இதுதான் சான்றிதழ். உணவின் சுவையோ அளவோ சமைத்தவளின் பசியோ எந்த இடத்திலும் கேள்வியாகவில்லை.

இந்தக் காதையை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஏனுங்க மேடம், ஆதிரை வீட்டுக்காரர் போனதும் கணிகை கூடத்தானுங்களே? அப்ப மணிமேகலையோட பாத்திரத்த ஆதிரை கையில சுத்தம் பண்றாங்களா?” உரைகளில் நான் காணாத வாசிப்பு இது. கணிகை குலத்தில் பிறந்தவளின் பாத்திரத்தைக் குடும்பப் பெண்ணின் கை தொட்டுத் தூய்மையாக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பெண்களையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய ஆணுக்கோ தகுதிச் சோதனை எதுவும் இல்லை. திரும்பி வந்தான், ஏற்றுக்கொள்ளப்பட்டான், அவ்வளவுதான்.

இதைப் பழைய காப்பியத்தின் பழைய வழக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கருமத்தம்பட்டியிலிருந்து அவிநாசிக்குப் பேருந்தில் அரை மணி நேரம். அந்த அவிநாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2018 ஜூலையில் சத்துணவுச் சமையலராக ஒரு பெண் மாற்றலாகி வந்தார். அருந்ததியர். ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர், அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று பள்ளியை மறித்தனர். அதிகாரிகள் செய்த முதல் வேலை, அவரை வேறிடத்துக்கு மாற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை விலக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடந்து, 2025 நவம்பரில்தான் 6 பேருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல். அன்று ஆறாம் வகுப்பில் தட்டேந்திய பிள்ளை இந்நேரம் பள்ளியை முடித்திருக்கும்.

அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, முட்டை இருந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தின் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. உணவுரிமையைக் கிலோக் கணக்கில் மட்டும் பேசினால் இந்தப் பள்ளியின் பிரச்சினையே கண்ணில் படாது. இங்கே தடுக்கப்பட்டது ஒரு கை. புகாரில் கற்பு என்று பெயர் வைத்த சோதனைக்கு அவிநாசியில் சாதி என்று பெயர். இரண்டிலும் பரிசோதிக்கப்படுவது பெண்ணின் உடல்.

உச்ச நீதிமன்றத்துக்கு இது முன்பே தெரிந்திருந்தது. உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2004 ஏப்ரல் 20 அன்று சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை வேண்டும் என்றது. பொட்டலமாகக் கொடுத்தால் யார் கை என்ற கேள்வியே எழாது. ஊருக்குள் அடுப்பு எரிந்து, அந்த அடுப்பின் முன் தலித் பெண் நின்றால்தான் எழும். எழட்டும் என்பதுதான் அந்த ஆணையின் பலம். 2023இல் காலை உணவுத் திட்டம் பரவியபோது கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. ஆட்சியர் நேரில் சென்று அந்தச் சமையலர் ஆக்கிய உணவை உண்டார். நல்லதுதான். ஆனால் சாப்பிட்டுக் காட்ட ஒரு ஆட்சியர் வர வேண்டியிருந்தது. அது நம் கணக்கில் எழுதப்பட வேண்டிய செய்தி.

இதில் வீட்டு அடுப்படிக்கும் பங்குண்டு. சங்கப் பாட்டில் கொடுத்தவன் பெயர் நிற்கிறது, வாங்கிய புலவன் பெயர் நிற்கிறது. சமைத்தவள் ‘மனைவி’ மட்டும்தான். சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துக் குடும்பத்தோடு உண்கிறாள். வறுமைக்குச் சான்றாக இந்தக் காட்சியை எத்தனையோ தேர்வில் எழுதவைத்திருக்கிறோம். அந்த வெட்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், என்னையும் கேட்க வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்லும் புறப்பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் கேட்காமல் கொடுப்பதற்குக்கூட அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர், 18 வயது நிறைந்த மூத்த பெண். காகிதத்தில் தட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. விலையில்லா அரிசி தரும் மாநிலத்தின் கணக்கு இது. சோமனூர், கருமத்தம்பட்டித் தறிக்குடிகளில் இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கும் பள்ளிக்குப் போகிறவருக்கும் அரிசிம்பருப்புச் சோறு போட்டுவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டு தறிக்குப் போகும் பெண்ணைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் யாரும் இல்லை. அவள் கை சுத்தமா என்று மாதத்தில் மூன்று நாள் வீடே சோதிக்கும். தட்டில் என்ன விழுந்தது என்று கேட்காது.

பள்ளிச் சத்துணவுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சுவைத்துப் பார்க்க வேண்டும். உப்பு, காரம், வேக்காடு. காப்பியத்தில் ஆதிரை இட்ட முதல் சோற்றை யாரும் வாயில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.