பந்து விலகினால் என்ன ஆகும்? – சித்தப்பாவுக்குக் கோல்ஃப் மைதானம் பார்ப்பது பற்றிச் சில குறிப்புகள்

கோல்ஃப் மைதானங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாக ஆடுகிறவர்கள். அதனால் "சிறந்த பத்து மைதானங்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் அது நன்றாக ஆடுகிறவனுக்கான பட்டியலாகவே இருக்கும். எத்தனை பெரிய போட்டி நடந்தது, எவ்வளவு நீளம், எந்த வடிவமைப்பாளர், எந்தக் குழியில் எந்தச் சாம்பியன் தடுமாறினார், இவைதான் அளவுகோல். இந்தப் பட்டியலை நம்பி சுமாராக ஆடுகிற ஒருவரை அழைத்துப்போனால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்றால், சிங்கப்பூர் சித்தப்பா வருகிற ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறார். வயது 64. ஐம்பத்தைந்துக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொண்டவர். ஹேண்டிகேப் 32. தூத்துக்குடியில் இரண்டு வாரம் இருப்பார், அதில் இரண்டு மூன்று நாள் ஆட வேண்டும் என்கிறார். போன தடவை வடக்கே ஒரு பெயர்பெற்ற மைதானத்துக்கு உறவுக்காரர் ஒருவர் ஒரு பட்டியலைப் பார்த்து அழைத்துப்போயிருக்கிறார். 11 பந்து தொலைந்தது. பின்னால் வந்த கோஷ்டி ஒவ்வொரு குழியிலும் இடுப்பில் கைவைத்து நின்றது. 12-வது குழியோடு சித்தப்பா மட்டையைப் பையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் ஆடவே இல்லை என்று சித்தி சொன்னாங்க. விளையாட்டு என்றாலும் சின்ன விஷயம் இல்லை. வயதான காலத்தில் ஒரு மனிதர் ஆசையாகப் பிடித்துக்கொண்ட ஒன்று, தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஹேண்டிகேப் எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்யாது

ஹேண்டிகேப் என்பது சலுகை அடிகள். தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடியில் முடிக்கிற மைதானத்தைச் சித்தப்பா 104 அடியில் முடித்தால் இருவரும் சமம் என்று கணக்கு. 2020-ல் உலகம் முழுதுக்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. அதில் உச்சவரம்பு 54. ஆக 32 என்பது வெட்கப்படுகிற எண்ணே இல்லை.

அதே முறையில் ஒவ்வொரு மைதானத்துக்கும் 'ஸ்லோப்' என்று ஓர் எண் உண்டு. 55 முதல் 155 வரை, நடுத்தரம் 113. தேர்ந்தவரைவிடச் சுமாரானவருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கஷ்டம் தரும் என்பதன் அளவு அது. 113 ஸ்லோப் உள்ள இடத்தில் சித்தப்பாவுக்கு 32 அடி சலுகை என்றால், 135 ஸ்லோப்பில் 32-ஐ 135-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 38 வருகிறது. ஆறு அடி கூடுதல். கணக்கு சரியாகிவிட்டது, நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத இடம் இதுதான். அந்த ஆறு அடி ஸ்கோர் அட்டையில்தான் ஈடுகட்டும். புதருக்குள் குனிந்து தேடிய நேரத்தை ஈடுகட்டாது. பின்னால் நிற்கிறவனின் பெருமூச்சை ஈடுகட்டாது. ஒரே ஸ்லோப் எண் உள்ள இரண்டு மைதானங்களில் ஒன்று இவருக்குச் சுகமாகவும் இன்னொன்று நரகமாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

அதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. பந்து தண்ணீரில் விழுந்தால் ஓர் அடி அபராதம். விழுந்த இடத்தின் பக்கத்தில் புதுப் பந்தைப் போட்டுவிட்டு மேலே போகலாம். பந்து புதரில் தொலைந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ, ஓர் அடி அபராதத்தோடு முதலில் அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். அடித்த அடியும் போச்சு, தூரமும் போச்சு. தேடுவதற்கு 2019-லிருந்து 3 நிமிஷம்தான் அனுமதி. 11 பந்துக்கு மூன்று மூன்று நிமிஷம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல். கூடவே திரும்பி நடக்கிற நேரம். இப்படித் திரும்பி நடப்பதைத் தவிர்க்க, இரண்டு அடி அபராதத்தோடு முன்னாலேயே பந்தைப் போட்டுக்கொள்ள ஒரு உள்ளூர் விதியையும் 2019-ல் கொண்டுவந்தார்கள். கிளப் விரும்பினால் மட்டும் அமல்படுத்தலாம்.

ஆக, படத்தில் பார்க்கும்போது பயமுறுத்துகிற குளம் உண்மையில் நல்லவன். அழகாகத் தெரிகிற அடர்ந்த மரவரிசைதான் ஆளைக் கொல்கிறது. மைதானத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: நேராகப் போகாத பந்து எங்கே போய் நிற்கும்?

இது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. அகஸ்டா மைதானத்தை பாபி ஜோன்ஸோடு சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, 1920-ல் எழுதிய புத்தகத்தில் நல்ல மைதானத்துக்கு 13 இலக்கணம் சொன்னார். பந்து தேடுகிற எரிச்சல் இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பலவீனமான ஆட்டக்காரருக்கு, ஓர் அடி கூடுதலானாலும் பத்திரமாகப் போக மாற்றுவழி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மெக்கன்சி பெயரைச் சொல்லிப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊரிலேயே ஏன் இல்லை

சித்தப்பா முதலில் கேட்டதே இதுதான். "கடலோரம், மணல், காத்து எல்லாம் இருக்கு. ஸ்காட்லாந்துல இந்த மாதிரி மண்ணுலதானப்பா கோல்ஃபே பொறந்துச்சு?"

உண்மைதான். அங்கே கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில், உழவுக்கு உதவாத மணல்மேடுகளில்தான் ஆட்டம் வளர்ந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் இன்றும் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் இல்லை, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நம்மிடம் காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் செம்மணல் தேரி இருக்கிறது. ஆனால் அங்கே புல்லை வளர்ப்பது மழை. இங்கே புல் வேண்டுமென்றால் தாமிரபரணியைத்தான் கேட்க வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைத் தண்ணீர் ஆலைக்கா வயலுக்கா என்று வழக்கு நடந்த மாவட்டத்தில் அப்படிக் கேட்பது நியாயமாக இருக்காது. அதுவும் போக, நம்ம கரையில் 'சும்மா கிடக்கிற' மண் என்று எதுவும் இல்லை. உப்பளம், பனங்காடு, வலை காயப்போடுகிற மணல் என்று எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய பிழைப்பு இருக்கிறது. இல்லாததே சரி.

சுற்றுவட்டாரம்

திருவனந்தபுரம்: கவடியாரில் இருக்கிற பழைய சமஸ்தான காலத்து மைதானம். தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வழியாகச் சுமார் 200 கி.மீ. 9 குழிதான் என்பதால் பட்டியல்காரர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுவே தகுதியாகப் படுகிறது. 64 வயதுக்காரருக்கு 9 குழி அரை நாள் வேலை. முட்டி ஒத்துழைத்தால் இன்னொரு சுற்று, இல்லையென்றால் வண்டியில் ஏறிவிடலாம். 9 குழி ஸ்கோரையும் ஹேண்டிகேப் கணக்கில் சேர்க்கலாம் என்பதால் ஆட்டம் வீணும் இல்லை.

கொடைக்கானல்: 1895-ல் தொடங்கிய கிளப், 18 குழி, கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். காற்று லேசு என்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். அதில் கிடைக்கிற சந்தோஷம் சுமாரான ஆட்டக்காரருக்குத் தனி. காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தால் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அதுவும் ஒரு ஓய்வு. குறை என்னவென்றால் மேடுபள்ளம். பந்து கிடக்கிற இடத்தில் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது, அப்படி நின்று நேராக அடிப்பது தேர்ந்தவருக்கே சிரமம். ஆகஸ்டில் மூடுபனியும் தூறலும் சேரும். குடும்பத்தோடு போய், பாதிச் சுற்று ஆடிவிட்டு வருவதற்கு நல்ல இடம். 18 குழி ஆடியே தீருவேன் என்று போகக் கூடாது.

ஊட்டி: பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் சரிவும் யூகலிப்டஸும் ஊசியிலை மரங்களும். போதாததற்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்து நீலகிரியில் பரவவிட்ட மஞ்சள் பூ முள்புதர் வேறு. அதற்குள் போன பந்தை எடுக்கக் கை நீட்டுவதே தண்டனை. தூரமும் கூடுதல். ஹேண்டிகேப் 10-க்குள் இருக்கிறவரை அனுப்பலாம், சித்தப்பாவை அனுப்ப மாட்டேன்.

கோயம்புத்தூர்: செட்டிப்பாளையத்தில் இருக்கிற 18 குழி மைதானம். மலை மைதானம் மாதிரி ஏறி இறங்க வேண்டாம், நடக்கச் சிரமம் இல்லை. மற்ற மாதம் என்றால் இதற்கே முதலிடம் கொடுத்திருப்பேன். ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நினைத்தால்தான் யோசனை. சித்தப்பாவின் பந்து எப்போதும் வலது பக்கம் வளையும். பக்கக்காற்றில் பத்து யார்டு வளைவு முப்பது யார்டு ஆகும். நம்ம கரையில் கச்சான் காத்து வீசுகிற நாளில் சின்ன வள்ளத்தைக் கடலில் இறக்க மாட்டார்கள், அதே ஞாயம்தான்.

சென்னை: கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் இருந்த ஜிம்கானா மைதானம் சமதளம், திறந்தவெளி. இவருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்துசெய்து சுமார் 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளத்தைத் தாங்கக் குளம் வெட்டுகிறார்கள். மழைக்கு மழை மூழ்குகிற வேளச்சேரிக்காரரிடம் போய் இதற்காக வருத்தப்பட முடியாது. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானம் இருக்கிறது. நகரத்துக்கு நடுவில், நெருக்கமான இடம். உறுப்பினர் ஒருவர் கூட வந்தால் யோசிக்கலாம்.

கொழும்பு: இதை யாரும் சொல்லவில்லை, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் சில மாதம் ஓடியது. அது நின்றுபோன பிறகு, எதிர்க்கரையில் இருக்கிற ஊரை நாம் பக்கத்து ஊராக நினைப்பதையே விட்டுவிட்டோம். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்குக் கொழும்பு வழியிலேயே இருக்கிறது. அங்கிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு, மதுரையிலிருந்து தூத்துக்குடி மூன்று மணி நேரத்துக்குள். 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பின் மைதானம் சமதளம். களனிவெளி ரயில் பாதை ஊடே போகிறது, ரயில் வந்தால் நின்று பார்க்கலாம். தண்ணீர் நிறைய. மேலே சொன்ன கணக்குப்படி அது குறை இல்லை: ஓர் அடி அபராதம், பந்தைப் போடு, நட. இதே தீவில் நுவரெலியா மைதானம் அதிகப் புகழ் பெற்றது, ஆனால் ஒடுங்கிய பாதையும் இருபுறமும் மரமும். ஊட்டிக்குச் சொன்னதே அதற்கும்.

என் தீர்ப்பு

வருகிற வழியில் கொழும்பில் ஒரு நாள். திருவிழா முடிந்து திருவனந்தபுரத்தில் ஒரு காலைப்பொழுது. சித்தியும் பிள்ளைகளும் கூட வந்தால் கொடைக்கானலில் ஒன்பது குழி. ஊட்டி வேண்டாம். கோயம்புத்தூர், அடுத்த முறை பொங்கலுக்கு வந்தால்.

எங்கே ஆடினாலும் மொத்த அடியை எண்ண வேண்டாம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் பெயரில் 1932 முதல் பரவிய புள்ளி முறை இருக்கிறதே, அதில் ஆடட்டும். ஒரு குழியில் பத்து அடித்தாலும் அந்தக் குழிக்குப் பூஜ்யம், அவ்வளவுதான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். பின்னால் வருகிறவர்களுக்கும் நிம்மதி.

கிளப்புக்குப் போன் பண்ணும்போது வெளியாளுக்கு அனுமதி உண்டா, கட்டணம் என்ன என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. முன்வரிசை டீயிலிருந்து ஆட விடுவார்களா? தொலைந்த பந்துக்கு அந்த இரண்டு அடி உள்ளூர் விதி அமலில் இருக்கிறதா? கூட்டம் இல்லாத நாள் எது? முன்னால் போய் நின்று பந்து விழுகிற இடத்தைப் பார்க்க இன்னொரு கேடி கிடைப்பாரா? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். எந்த மதிப்பீட்டுக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆள் அவர். மைதானத்தின் ஒவ்வொரு புதரும் அவருக்குத் தெரியும், பதினொரு பந்து தொலைகிற இடத்தில் மூன்றோடு முடித்துக் கொடுப்பார். அவருக்குக் கொடுக்கிற பணத்தில் மட்டும் சித்தப்பா கணக்குப் பார்க்கக் கூடாது.