பஸ் ஏறாத கதாபாத்திரங்கள்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் யாரும் பஸ் ஏறுவதில்லை. கொஞ்சம் மிகைதான். ஏறுகிறார்கள், ஆனால் ஏறிய அடுத்த வரியிலேயே இறங்கிவிடுகிறார்கள். ஒரு பத்தி தோட்டத்தில் முடியும், அடுத்த பத்தியில் பையன் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பான். எப்படி வந்தான், பக்கத்தில் யார் உட்கார்ந்தது, யாரிடம் எந்த மொழியில் வழி கேட்டான் என்பதெல்லாம் எழுதுகிறவருக்கும் தோன்றவில்லை, விமர்சிக்கிறவருக்கும் தோன்றவில்லை. தோட்டம், கம்பம், தாமான், அண்மைக்காலமாகக் குண்டர் கும்பல் என்று கதைக்களங்களை வரிசைப்படுத்தும் கட்டுரைகளை எத்தனையோ படித்தாயிற்று. நம்மில் பலர் தினமும் ரெண்டு மணி நேரம் நின்றுகொண்டே கழிக்கும் இடம் அந்த வரிசையில் இல்லை.

களம் ஒன்று குறைகிறது என்பது மட்டும் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு.

ரயில் நம் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. வரலாறாக இருக்கிறது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் பாதை ஓடியது முதல், தண்டவாளம் போட்ட தமிழ்க் கூலிகள், நிலையத்தில் கொடி பிடித்த யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள், செந்தூல் பட்டறை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று இந்த நாட்டு ரயிலுக்கும் நமக்கும் உள்ள உறவை எந்த மேடைப் பேச்சாளரைக் கேட்டாலும் சொல்வார். 1942-43இல் ஜப்பானியர்கள் நம் ஆட்களைத் தோட்டத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய்ப் போட்ட சயாம் பாதையைப் பற்றி ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. நம் நாவல்களில் தவறவிடக்கூடாதவை இவை. ஏமாற்றி ஏற்றப்பட்டவன், மொழி தெரியாதவன், கணக்கில் இல்லாமல் செத்தவன். இவர்களைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. கூட்டங்களில் இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே நாம் மறுநாள் காலை பஸ்ஸில், பக்கத்தில் வங்காளதேசத் தொழிலாளி வந்து உட்கார்ந்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறோம்.

ஒரு நாள் எம்.ஆர்.டி. இணைப்புப் பேருந்தில் பார்த்தேன். இருபது வயசு இருக்கும், காலில் கட்டுமானத் தள பூட்ஸ். முன்னால் இருந்தவரிடம் சுத்தமான தமிழில், "அண்ணே, மஸ்ஜித் ஜமேக் போகணும்னா எங்க எறங்கணும்?" என்று கேட்டான். பேச்சில் ராமநாதபுரத்துப் பக்கம். அவரும் தமிழர்தான், நெற்றியில் விபூதி. "தாக் தாவு" என்றார், தெரியாது என்று, மலாயில். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, பஸ்ஸில் இருந்த மற்ற தமிழர்களுக்குப் புரிந்தது. நான் சொல்லி அனுப்பினேன். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது அந்த மலாய் வாக்கியம். அவர் கெட்டவர் இல்லை. 'நான் இந்த நாட்டுக்காரன், நீ வந்தவன்' என்று தமிழில் சொல்ல முடியாது. தமிழில் பதில் சொன்னாலே உறவு வந்துவிடும். அதனால் மொழியையே மாற்றிக்கொண்டார். நம் சிறுகதைக்கு இதைவிட நல்ல தருணம் வேண்டுமா?

இன்னொன்று, பேக்டரி பஸ். எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் போன்ற தொழிற்பேட்டைகள் வந்தபோது தோட்டத்துப் பெண் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு முதலில் கொண்டுபோனது இதுதான். விடியறதுக்கு முன்னால் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். சம்பளக் கவர், முதல் லிப்ஸ்டிக், மலாய்த் தோழி, சீனச் சூப்பர்வைசர், 'கெட்டுப் போயிடுவா' என்ற தோட்டத்துப் பேச்சு எல்லாம் அந்த பஸ்ஸில்தான் ஏறின. ஒரு சமூகத்தின் பெண்கள் முதன்முறையாக அப்பாவோ மண்டோரோ பார்க்காத இடத்தில் உட்கார்ந்து பேசியது அங்கேதான் என்று நினைக்கிறேன். பால்மரத்துக்கு நாம் செலவழித்த காகிதத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்குப் போயிருக்க வேண்டும். இன்றும் அந்த பஸ் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்கள் நேப்பாளிகள், இந்தோனேசியப் பெண்கள், மியன்மார்க்காரர்கள். பலருடைய கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில் கிடக்கும். அப்படி வைத்திருப்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் கிடக்கும்.

நாம் காடிக்கு மாறிவிட்டோம். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது, 1994இல் கஞ்சில் வந்தது. ஒன்பது வருஷக் கடன் போட்டாவது ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினால்தான் மனுஷன். கல்யாண வீட்டில் "இன்னும் பஸ்லதான் போறியா?" என்று கேட்பவர் பயண வசதியை விசாரிக்கவில்லை. நம் கதைகளிலும் முன்னேறியவன் காடியில் வந்து இறங்குகிறான், தோற்றவன் நிறுத்தத்தில் நிற்கிறான். அந்த உறவினரின் கண்ணைத்தான் எழுத்தாளரும் கடன் வாங்கியிருக்கிறார்.

விமர்சகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'இது நம் வாழ்க்கையா?' என்பதுதான் நாம் ஒரு கதையிடம் கேட்கும் முதல் கேள்வி. சிறுபான்மைக்கு அந்தக் கேள்வி தேவைதான், அதைக் கேலி செய்ய மாட்டேன். பாடப்புத்தகத்தில் ஒரு பத்திக்குள் அடங்கிப்போன சமூகம் தன் கதையைத் தானே சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதையே அளவுகோலாக்கியதில், நேப்பாளி ஒருவர் கதைக்குள் வந்தால் செக்யூரிட்டி கார்டாக கேட் திறந்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குப் பெயர்கூட இருப்பதில்லை. வெள்ளைக்காரத் துரையின் நாட்குறிப்பில் நம் தாத்தாவுக்கும் பெயர் இருந்திருக்காது.

2021 மே 24 அன்று கே.எல்.சி.சி. அருகே சுரங்கத்தில் இரண்டு எல்.ஆர்.டி. ரயில்கள் மோதி 213 பேர் காயமடைந்தார்கள். 2022 நவம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கெலானா ஜெயா தடத்தில் 16 நிலையங்கள் ஒரேயடியாக மூடப்பட்டன. இரண்டு முறையும் முகநூலில் நம்மவர்கள் பொரிந்து தள்ளினார்கள். அமைச்சர், தலைவர், ஊழல் எல்லாம் வந்தது. நான் படித்தவரை ஒரு கதைகூட வரவில்லை. மாற்று பஸ்ஸுக்காக வரிசையில் நிற்கும்போது யார் முதலாளிக்கு போன் செய்து கெஞ்சுகிறார்கள், யாருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது, போலீஸ்காரரைப் பார்த்து யார் வரிசையை விட்டு நழுவுகிறார்கள் என்பதெல்லாம் பதிவில் அடங்காது, கதைக்குத்தான் அடங்கும்.

இப்போது மை50 பாஸ் இருக்கிறது. மாதம் ஐம்பது ரிங்கிட் கட்டினால் ரேப்பிட் கே.எல். ரயில், பஸ் எதில் வேண்டுமானாலும் போகலாம். நல்ல திட்டம், நானும் வைத்திருக்கிறேன். மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். ஆகவே ஒரே பெட்டியில் ஒரே கம்பியைப் பிடித்து நிற்கும் ரெண்டு பேருக்கு ரெண்டு விலை. இதில் அந்நியத் தொழிலாளி மட்டும் இல்லை. பிறந்தது முதல் இந்த மண்ணில் பால் வெட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பாட்டிகளும் இருக்கிறார்கள். அந்த அட்டைக்கு அவர் குடிமகள் இல்லை, நிரந்தரவாசி. பாஸ் கிடைக்காது. முகப்பில் தட்டும்போது பங்ளாக்காரனுக்கு எவ்வளவு கழியுமோ அவ்வளவுதான் பாட்டிக்கும்.

'ஸ்டேசென் பெரிக்குட்ஞா' என்று அடுத்த நிலையத்தை அறிவிக்கிற குரலைக் கேட்டபடி இவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கதையை யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள். பாட்டி தன் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறாரா இல்லையா என்று பார்க்க வேண்டும்.