எந்தக் கரையில் ஏறினான்?

மனிதன் கடைத்தேறுவது இறைவன் முன்குறித்ததாலா, தன் விருப்பத்தாலா? கிறிஸ்தவ அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினாவை, 1678-இல் ஜான் பனியன் இயற்றி வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' கதையாக்கிக் காட்டுகிறது.

பனியன் முன்குறிப்புக் கொள்கையில் ஊன்றியவர். ஆயினும் அவர் படைத்த பயணி, தன் கால்களாலேயே நடக்க வேண்டியவன். அவனும் உடன் புறப்பட்ட அண்டை வீட்டானும் ஒரே சேற்றில் விழுகின்றனர். அண்டை வீட்டான் சொந்த வலிமையால் கரையேறுகிறான். ஏறியது புறப்பட்ட ஊரின் பக்கம். பயணியோ எதிர்க்கரை நோக்கித் தத்தளிக்கிறான், ஏற இயலவில்லை. 'உதவி' என்பான் கைகொடுத்துத் தூக்குகிறான். திசையைத் தேர்ந்தவன் மனிதன், கரையேற்றியது அருள். பின்னர்ச் சிலுவையடியில் முதுகுச்சுமை தானே கழன்று விழுவதும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

இக்கதையைத் தழுவி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை அளித்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவம் தழுவியவர் அவர். தாயைப் பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டியா என்னும் வைணவ வாதத்தை அறிந்த தமிழருக்கு இக்கதையின் உட்பொருள் அந்நியமன்று.

திரும்பிப் போனவனின் முடிவும் முன்குறிக்கப்பட்டதோ? சேற்றுக்காட்சியில் இதற்கு விடையில்லை. கொள்கை தடுமாறும் அவ்விடத்தில் கதையும் மௌனம் காக்கிறது.