முன்சக்கரப் பூட்டும் ஒரு விரல் கிரீஸும்

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பின் முன்சக்கர நடுவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குமிழ் இருக்கும். அதன் முகத்தில் இரண்டே சொற்கள்: ஃப்ரீ, லாக். லாக்குக்குத் திருப்பினால் ஆக்சில் முனையும் சக்கர ஹப்பும் ஒன்றாகப் பிணைந்துவிடும். ஃப்ரீக்குத் திருப்பினால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும். ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் முன்பக்க ஷாஃப்ட்டும் சும்மா கிடக்கும். ஆக்சில் முனையின் வரிப்பள்ளங்களில், பழைய வில்லிஸ் ஜீப்பானால் 10 பள்ளங்களில், ஒரு பல்வளையம் உட்கார்ந்திருக்கிறது. வெளிக்கூடு ஆறு போல்ட்டுகளால் சக்கர ஹப்போடு முறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழுக்கி வந்து இரு பக்கப் பற்களையும் கவ்விக்கொள்ளும் வளையம்தான் பூட்டு.

போர்க்கால ஜீப்புகளில் இந்த வசதி கிடையாது. சக்கரம் சுழன்றால் ஆக்சிலும் கூடவே சுழன்றாக வேண்டும். போர் முடிந்து அவை தார்ச்சாலையில் ஓடத் தொடங்கியபோது அது வெறும் சத்தமும் தேய்மானமும் பெட்ரோல் செலவுமாக நின்றது. அமெரிக்காவில் சியாட்டில் அருகே ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் தொடங்கிய தொழில் இந்தப் பூட்டு ஹப்புகளைக் கொண்டுதான் காலூன்றியது.

கொல்கத்தாவுக்கு இந்தச் சாமான் அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கான தளவாடங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளைப் பிரித்து விற்கும் முற்றங்கள் அதே மாநிலத்தின் பானாகரில் இன்றும் உண்டு. பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மல்லிக் பஜார், பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடுகிறவர்கள் போய் நிற்கும் இடம். 1968இலிருந்து நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் பேரணிக்கு வண்டியைத் தேற்றுகிறவர்களும் அங்கே அலைந்திருப்பார்கள். பூட்டு ஹப்பின் அருமை முழுதாக விளங்குவது வடக்கே போகும்போதுதான். சிலிகுரி வரை 500 கி.மீ.க்கு மேல் சமவெளி. ஹப் ஃப்ரீயில் இருக்கலாம். அதற்கப்பால் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்ஃபூவுக்கு ஏறும் சாலையில், தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற லேண்ட் ரோவர்கள் இன்னும் உறுமிக்கொண்டிருக்கின்றன. அங்கே நான்கு சக்கரமும் வேலை செய்தாக வேண்டும்.

இந்த ஹப்புக்கு நகரத்தில் பெரும் பகை மழைத் தண்ணீர். கொல்கத்தாவின் டண்டனியாவிலும் ஆம்ஹர்ஸ்ட் தெருவிலும் ஒரு பெருமழைக்கே முழங்கால் அளவு நீர் நிற்கும். ஓடிச் சூடேறிய ஹப் திடீரென்று அந்த நீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீலில் எங்கே பலவீனமோ அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் கிரீஸ் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்ததுமே விவரமறிந்த மிஸ்திரி மறுபேச்சின்றிச் சக்கரப் பேரிங்கைக் கழற்றிவிடுவார்.

ஹப்பைப் பிரிக்க, வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வில்லிஸின் பழைய மாடல்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை கொண்டவை. இதை அறியாமல் எத்தனை பேர் ஸ்டட்டை முறித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குமிழை ஃப்ரீயில் வைத்து மூடியைக் கழற்றினால், ஆக்சில் முனையைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப் தெரியும். அதை எடுத்து ஆறு போல்ட்டுகளையும் நீக்கினால் கூடு கையோடு வந்துவிடும். பின்னால் இரண்டு பெரிய நட்டுகள், நடுவே மடித்துவிட்ட தகட்டு வாஷர். வில்லிஸ் எம்.பி.யில் இவற்றுக்கு 2⅛ அங்குல ஸ்பேனர் உண்டு. அது கிடைக்காத பட்டறைகளில் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி நட்டை நகர்த்துவார்கள். முனை மழுங்கிய நட்டைக் கண்டால் அந்த வண்டி எப்படிப்பட்ட கைகளில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

பிரித்ததை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். பழைய கிரீஸ் கருப்பட்டிப் பாகு காய்ந்ததுபோல் பல்லிடுக்குகளில் ஒட்டியிருக்கும். குமிழ் திரும்ப மறுப்பதற்கு முக்கால்வாசி அதுதான் காரணம். இடுக்கியால் பிடித்து முறுக்கினால் குமிழ்தான் உடையும். கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிடுவது கேட்க இனிமையான விளையாட்டுதான், ஆனால் கூடாது. உயவில்லாமல் சுழலும் உருளைகள் தங்களையே கீறிக்கொள்ளும். உருளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் தண்ணீர் குடித்தது. எதுவானாலும் உள் கூம்பையும் வெளிக் கிண்ணத்தையும் ஜோடியாக மாற்ற வேண்டும். வில்லிஸுக்கு 18590, 18520 என்று இரண்டு எண்களைச் சொன்னால் போதும். உள் பேரிங்குக்கும் வெளிப் பேரிங்குக்கும் அதே எண்கள்தான்.

இனிதான் கைத்திறன். கடைகளில் ஏபி3 என்று கிடைக்கும் லித்தியம் கிரீஸில் ஒரு நெல்லிக்காயளவு உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற வாயால் அதை வழித்து வழித்து அழுத்த வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் சின்னச் சின்னப் புழுக்களாகக் கிரீஸ் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தினால் அடுத்த இடுக்கு. சுற்று முழுக்க நிரம்பும்வரை அவசரப்படாத கையே நல்ல கை. இதற்கென்று கருவிகள் விற்கின்றன. உள்ளங்கைக்குத் தெரிகிற நிறைவு அவற்றுக்குத் தெரிவதில்லை.

பேரிங்குக்குக் காட்டிய தாராளத்தைப் பூட்டுக்குக் காட்டக் கூடாது. இந்த வேலையின் நுட்பமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. வழுக்கும் வளையத்துக்கும் பற்களுக்கும் விரலால் தடவிய மெல்லிய பூச்சு போதும். குமிழின் ரப்பர் வளையத்துக்குத் துளி சிலிக்கான் கிரீஸ். கூடு நிறையத் திணித்தால் வளையம் சேற்றில் நடப்பதுபோல் தடுமாறும். சந்தக்ஃபூவின் குளிரில் அது இறுகி, பற்கள் பாதியளவே கவ்வும். பாதி கவ்விய பல் ஏற்றத்தில் முறியும். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை ஹப்புகளுக்கு இந்தச் சிக்கனம் இன்னும் அவசியம். கிரீஸ் அதிகமானால் ஆயுள் அதிகம் என்று நம்புகிற மிஸ்திரிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கையில் பேரிங் பிழைக்கும், பூட்டு பிழைக்காது.

உட்புற ஆயில் சீல் புதிதாகவே இருக்கட்டும். உள் நட்டை, சக்கரத்தைச் சுழற்றியபடியே, சுழற்சி பிடிக்கும்வரை இறுக்கிப் பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்துவது வில்லிஸின் பழைய முறை. வாஷரை மடித்து வெளி நட்டை இறுக்கிய பின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, சுழற்றினால் தங்கு தடையும் கூடாது. புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கிளிப்பை மாட்டி, குமிழ் ஃப்ரீயில் இருக்க மூடியைப் பொருத்தலாம். ஃப்ரீயில் சக்கரம் மட்டும் சுழல வேண்டும்; லாக்கில் ஆக்சிலும் கூடவே வர வேண்டும். பல் சரியாக விழாவிட்டால் சக்கரத்தைச் சற்று உருட்டினால் ‘டக்’கென்று உட்காரும்.

நகரத்திலேயே ஓடும் வண்டியானாலும் மாதம் ஒருமுறை சில கிலோமீட்டர் ஹப்பை லாக்கில் வைத்து ஓட்டுவது நல்லது. இல்லாவிட்டால் டிஃபரன்ஷியலின் எண்ணெய் அடியிலேயே தேங்கி, மேலே இருக்கும் பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். சர்வீஸ் முடிந்த முதல் ஓட்டத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் இறங்கி ஹப்பின்மேல் கை வைத்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாதபடி சுட்டால் நட்டு இறுக்கம். ஜாக்கியை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.