அலைன்மென்ட்டுக்கு முன் உயரம்

வீல் அலைன்மென்ட்டுக்கு முன் வண்டியின் உயரத்தை அளக்க வேண்டும். முன்புறம் தாழ்ந்தால் சக்கரக் கோணங்களான கேம்பரும் டோவும் மாறும். பின்புறம் தாழ்ந்தால் காஸ்டர் கோணம் மாறும். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரில் முன்னே டார்ஷன் பார், பின்னே லீஃப் ஸ்பிரிங். இரண்டுமே காலப்போக்கில் தளரக்கூடியவை.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். பட்டு நெய்யும் முள்ளிப்பட்டு, ஆரணிப் பக்கத்து வண்டியானால் டிக்கியிலுள்ள பட்டுச்சேலைக் கட்டுகளையும் இறக்கிவிட வேண்டும். பிறகு முன்னும் பின்னும் சில முறை அமுக்கிவிட்டால் ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் இந்த அமுக்கலில்தான் அளவின் நம்பகம் இருக்கிறது. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து இரு பக்கமும் ஒப்பிடுவார்கள். மையத்திலிருந்து அளப்பதால் டயர் தேய்மானம் குறுக்கிடாது. எளிமையான, அருமையான ஏற்பாடு. முன்புறம் வித்தியாசம் தெரிந்தால் டார்ஷன் பாரின் முறுக்கைத் திருத்தி, மீண்டும் அளந்த பிறகே டோவில் கை வைக்க வேண்டும்.