குழப்பமான வினையை ரசிப்பது எப்படி?

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவர்கள் முதலில் அலுத்துக்கொள்ளும் வினை 'அலே'. போதல் என்று பொருள். நான் போகிறேன் என்றால் 'வே', நாம் போகிறோம் என்றால் 'அலோன்', நான் போவேன் என்றால் 'இரே'. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒப்பித்துத் தொலைக்க வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் எந்த வடிவம் வினை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கவனித்தால், இந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு ஓடுவது தெரியும்.

லத்தீனில் போவதற்கு 'ஈரே' என்ற வினை இருந்தது. அதன் நிகழ்கால வடிவங்கள் 'எயோ', 'ஈஸ்', 'இத்'. பேச்சில் கடைசி மெய்கள் தேய்ந்தால் மிஞ்சுவது வெறும் உயிரொலி. அந்த இடத்துக்குக் கனமான 'வாதெரே' என்ற இன்னொரு லத்தீன் வினை வந்து 'வே', 'வா', 'வோன்' ஆனது. 'ஈரே' எதிர்காலத்தில் ஒதுங்கிப் பிழைத்தது: 'இரே'யின் ஈற்றில் நிற்கும் 'ஏ', உடைமையைக் குறிக்கும் 'ஹாபெயோ' தேய்ந்த மிச்சம். 'அல்' என்ற மூன்றாம் வேர் நிகழ்காலத்தில் 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ரசிக்க வேண்டிய இடம் இதுதான். சாவது, வருவது ஆகிய வினைகளிலும் அதே இரண்டு கட்டங்களில்தான் உயிரொலி மாறுகிறது: 'மேர்', ஆனால் 'மூரோன்', 'வியன்', ஆனால் 'வெனோன்'. பேச்சு லத்தீனில் அந்த இரண்டிலும் அழுத்தம் விகுதியில் விழுந்தது, மற்ற நான்கிலும் வேரில் விழுந்தது. இத்தாலிய மொழியிலும் 'வாதோ'வுக்கு நடுவே 'அந்தியாமோ', 'அந்தாதே' என்று அதே இரண்டு கட்டங்களில்தான் வேறு வேர்.

'அல்' எங்கிருந்து வந்தது என்பதே உறுதியில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். நடப்பதைக் குறிக்கும் 'அம்புலாரே'யிலிருந்து வந்தது என்பார்கள். ஒலிவிதிப்படி அது 'ஆம்ப்ளே' என்றல்லவா ஆக வேண்டும்? குதிரையின் ஒருவகை நடைக்கு அந்தச் சொல்லும் பிரெஞ்சில் இருக்கிறது. ஓயாமல் புழங்கும் சொல் விதியை மீறித் தேயும் என்பது வழக்கமான பதில். எனக்கு அது பாதிதான் திருப்தி தருகிறது. ஆனால் வேரின் பூர்வீகம் எதுவானாலும் அது உட்கார்ந்த கட்டம் மாறுவதில்லை. பேசுபவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே என்பது இன்னொரு ஆட்சேபம். தெரிய வேண்டியதில்லை, நாக்கின் பழக்கம் போதும். பழக்கம் தளர்ந்தால் வித்தியாசம் கரைந்துவிடும்: கண்டெடுப்பதைக் குறிக்கும் வினையில் 'த்ரேவ்', 'த்ரூவோன்' என்றிருந்த வேறுபாடு 17ஆம் நூற்றாண்டு நாடகங்களில்கூடத் தென்படுகிறது, இன்று எல்லாமே 'த்ரூவ்'.

அடுத்து ஸ்பானிய அட்டவணையைத் திறந்து பாருங்கள். அங்கே நிகழ்காலத்தின் ஆறு கட்டங்களையும் 'வாதெரே'யே பிடித்துக்கொண்டது. இறந்தகாலத்தில் 'ஃபுய்' என்றால் போனேன் என்றும் பொருள், இருந்தேன் என்றும் பொருள். எது என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் சொல்லும்.