ஏணியும் பாயும்: தொடக்க வகுப்புகளில் குழந்தை மையக் கல்வியின் மரபுகள்

ஒன்றாம் வகுப்பில் சேரும் முப்பது பிள்ளைகளுக்கும் வயது ஒன்றாக இருக்கலாம். கற்றல் நிலை ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பிள்ளை அங்கன்வாடியிலேயே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கும். அடுத்த பிள்ளை அன்றுதான் பென்சிலைத் தொடும். இன்னொரு பிள்ளை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வந்து, டீச்சர் சொல்வது புரியாமல் விழிக்கும். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் நடத்தி முடித்தால் பாடத்திட்டம் நகரும், பிள்ளைகள் நகர மாட்டார்கள். இதை உணர்ந்தவர்கள் நம் நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக மாற்று வழி தேடியிருக்கிறார்கள்.

நம் திண்ணைப் பள்ளிகளிலிருந்தே இந்த வரலாற்றைத் தொடங்குபவர்கள் உண்டு. மணலில் எழுதிப் பழகுவதும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவரவர் வேகத்தில் சுவடி மாறுவதும் அங்கே இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் அனாதை இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் மணலில் எழுதும் பழக்கத்தை இங்கே கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அதனுடன் சேர்த்து, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆனாலும் பிரம்பும் கண்மூடித்தனமான மனப்பாடமும் ஆண்ட அந்தத் திண்ணையை இந்த மரபில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமும் இருக்கவில்லை.

உண்மையான தொடக்கத்தைப் பாவ்நகரில் காண்கிறேன். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த கிஜுபாய் பதேக்கா 1920இல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அவர் குஜராத்தியில் எழுதிய நூல் ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. நான்காம் வகுப்பை ஏற்கும் ஓர் ஆசிரியர் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்குவார். வகுப்பறை கட்டுக்கு வருவதற்கு முன் எத்தனை நாள் குழப்பம் நீடிக்கும், மேலதிகாரி என்ன கேட்பார், சக ஆசிரியர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லும் நூல் அது. ஆசிரியர் பயிற்சி முடித்து வரும் ஒவ்வொருவர் கையிலும் அது இருக்க வேண்டும்.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தாவில் உருப்பெற்றது. கைத்தொழிலை நடுவில் வைத்து மொழி, கணக்கு, சமூகம் எல்லாவற்றையும் அதிலிருந்து கற்பிக்கும் திட்டம் அது. சேவாகிராமத்தில் அதை வளர்த்தெடுத்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். அவரும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் சாந்திநிகேதனிலிருந்து அங்கே வந்தவர்கள். தமிழ்நாட்டில் காந்திகிராமம் போன்ற இடங்களில் அந்த முறை உழைப்போடு நடத்தப்பட்டது. ஆனால் 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றபோது, அது குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. மறு ஆண்டு காமராசர் அரசு அதைக் கைவிட்டது. எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதோடு பள்ளியில் கைவேலை என்றாலே சந்தேகம் எழும் நிலையும் வந்தது. தோட்டமும் களிமண்ணும் தறியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை. அவற்றை இழந்ததில் தொடக்க வகுப்புகளுக்கு இழப்புதான்.

மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான தம் முறையை விரிவாக்கினார். பிள்ளை தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும்படி கருவியைச் செய்வது அவர் தந்த பெருங்கொடை. அவருடைய உருளைக் கட்டையில் ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. யாரும் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் அவர் பெயர் கட்டணப் பள்ளிகளின் பலகைகளில்தான் அதிகம் தங்கிவிட்டது என்பது எனக்கு வருத்தம்.

அரசுப் பள்ளியின் வாசலைத் தொட்ட மரபு வேறு வழியாக வந்தது. டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிறு பள்ளியை நிறுவினார். வகுப்புப் பிரிவு, தேர்வு, பரிசு, தண்டனை எதுவும் அங்கே கிடையாது. அவரிடம் பயின்ற பத்மநாப ராவ், ரமா இணையர், மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் கற்றல் ஏணியும் கொண்ட முறையை வடிவமைத்தனர். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் தம் ஆசிரியர்களை அங்கே அனுப்பினார். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது செயல்வழிக் கற்றல். 2007–08இல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளுக்கு விரிந்தது.

அன்று வகுப்பறை எப்படி மாறியது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியரும் அதே பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதி, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பகுதியாகக் கரும்பலகையானது. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கின. வருகையைப் பிள்ளையே பதிந்தது. ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, அந்த வேலைக்கான குழுவில் போய் அமர்ந்தது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் ஒரு பக்கம், சக மாணவர் உதவியோடு செய்வோர் ஒரு பக்கம், தானே செய்வோர் இன்னொரு பக்கம். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பிய பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். ‘நீ பின்தங்கிவிட்டாய்’ என்று யாரும் அதனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே செயல்வழிக் கற்றலை நான் மதிக்கிறேன்.

குறைகளும் இருந்தன. அட்டை கிழிந்தால் புதிது வரத் தாமதமானது. பல இடங்களில் ஏணியே இன்னொரு பாடத்திட்டமாகி, படிகளை முடிப்பதே குறியாயிற்று. கதை கேட்பது, கூடிப் பாடுவது, ஒரு கேள்வியை வகுப்பே சேர்ந்து விவாதிப்பது ஆகியவை அட்டைகளுக்கு நடுவே சுருங்கின. ஈராசிரியர் பள்ளியில் நான்கு வகுப்புகளையும் இப்படி நடத்துவது பெரும்பாடு. பிறகு முறை எளிமையாக்கப்பட்டது, புத்தகம் மீண்டது.

2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கொரோனாக் காலக் கற்றல் இடைவெளியை நிரப்ப வந்தது. ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள்; கதைக்களம், பொம்மலாட்டம், ஆடல் பாடல். ஏணி விட்டுப்போன பாட்டையும் கதையையும் இது மீட்டுத் தந்தது. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் நேரத்தில் ஆசிரியர் கண் பிள்ளையை விட்டு விலகுகிறது என்ற குறையைக் கல்வித்துறை காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இத்தனை மரபுகளையும் எந்த அளவுகோலால் அளப்பது? செயல்பாடு, கண்டறிதல் வழியே குழந்தைக்கு இசைந்த முறையில் கற்றல் நடக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. 17ஆம் பிரிவு அடியைத் தடை செய்கிறது. சட்டம் எல்லை வகுத்துவிட்டது. அதற்குள் நான் பார்ப்பவை சில. வகுப்பின் கடைசிப் பிள்ளை இப்போது எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று ஆசிரியர் ஏட்டைப் பார்க்காமல் சொல்கிறாரா? அடுத்து என்ன செய்வது என்பதில் பிள்ளைக்குக் கொஞ்சமாவது உரிமை இருக்கிறதா? தவறு செய்த பிள்ளை ரப்பரைத் தேடுவதற்கு முன் ஆசிரியர் முகத்தைப் பார்த்து அஞ்சுகிறதா? வண்ணச் சுவர், விலையுயர்ந்த பொம்மை, ஸ்மார்ட் பலகை இவற்றில் எதுவும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. குழந்தை மையம் என்ற பெயரில் எழுதப் படிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்புவதும் பதில் ஆகாது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை ஒரு சிறு கதையைத் தானே படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அதில் சமரசம் கூடாது.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் வகுப்புகளைப் பங்கிடும்போது, உங்கள் பள்ளியிலேயே மிகத் திறமையான, மிகப் பொறுமையான ஆசிரியருக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அவரை அங்கிருந்து மாற்றாதீர்கள்.